தொற்றுக் காலத்தில் கர்ப்பிணிகள், பிரசவமானவர்களின் மன அழுத்தம்: போனில் என்ன சொல்லலாம்?

தென்றல்:
பெருந்தொற்று நேரத்தில் கர்ப்பிணிகளிடமும் பிரசவமானவர்களிடமும் போனில் பேசும் தன்னார்வலர்களுக்கு ஒரு கையேடு எழுதுகிறோம். மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆஸ்பத்திரிக்குப் போனால் தொற்றிவிடுமோ என்று செக்கப்பைத் தள்ளிப்போடுகிறார்கள். ராத்திரி தூக்கமில்லை. உதவிக்கு யாரும் வர முடியாமல் குழந்தையோடு தனியாகக் கிடக்கிறார்கள். "பயப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்பதைத் தவிர வேறென்ன சொல்லலாம்? எந்தக் கட்டத்தில் டாக்டரிடம் போகச் சொல்லி அழுத்த வேண்டும்?

கயல்:
அந்த "பயப்படாதீங்க"வை முதலில் எடுத்துவிடுங்கள். அதைக் கேட்டதும் அவர் பேச்சை நிறுத்திக்கொள்வார், பயம் உள்ளேயே இருக்கும். "எதை நினைத்தால் அதிகம் பயம் வருகிறது?" என்று கேளுங்கள். பதில் வந்தால் அதற்கு ஒரு வேலை கொடுக்கலாம்.

செக்கப் பயம் என்றால்: உலக சுகாதார நிறுவனம் 2016 முதல் கர்ப்ப காலத்தில் குறைந்தது 8 முறை பார்க்கச் சொல்கிறது. எல்லாமே நேரில்தான் என்றில்லை. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி உள்ள நாட்களில் நேரில் போய்விட்டு, மற்றவற்றில் எதைப் போனில் முடிக்கலாம் என்று டாக்டரிடமே கேட்கச் சொல்லுங்கள். நாள் குறித்துக்கொண்டாலே பாதிப் பதற்றம் அடங்கும்.

வீட்டில் பிரஷர் பார்க்கும் மெஷின் இருந்தால், எடுக்கும் முறையையும் எழுதுங்கள். 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும், பேசக்கூடாது. போனில் பேசிக்கொண்டே எடுத்தால் கூடிக் காட்டும், அதிலிருந்து புதுப் பயம் கிளம்பும். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். 160/110 என்றால் உடனே ஆஸ்பத்திரி. விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தால் மெஷின் சரியாகக் காட்டினாலும் போகத்தான் வேண்டும்.

குழந்தை அசைவை நாள் முழுக்க எண்ணிக்கொண்டிருப்பது பதற்றத்தைக் கூட்டும். 28 வாரத்துக்குப் பிறகு டாக்டர் எண்ணச் சொல்லியிருந்தால், தினமும் ஒரே நேரத்தில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, 2 மணி நேரத்துக்குள் 10 அசைவு வருகிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் எண்ணிக்கையைவிட வழக்கம் முக்கியம். வழக்கமான அசைவு குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

செய்தி பார்ப்பது பகலில் இரண்டு முறை, படுக்கையில் கூடாது. இதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

பொன்னி:
கயல் சொன்னதோடு பிரசவத்துக்குப் பிந்தைய விஷயங்களைச் சேர்க்கிறேன். "குழந்தை தூங்கும்போது நீங்களும் தூங்குங்க" என்பது பல வீடுகளில் நடக்காத யோசனை. ஒட்டுமொத்தம் எத்தனை மணி நேரம் என்பதைவிட, முறியாத 4 மணி நேரத் தூக்கம் ஒன்று கிடைப்பதுதான் மனசுக்கு மருந்து. அதற்கு வீட்டிலிருக்கும் இன்னொருவர் ஒரு முறை பொறுப்பேற்க வேண்டும். அம்மா பால் கொடுத்துவிட்டு வேறு அறையில் படுக்கட்டும். அடுத்த முறை, முன்பே எடுத்துவைத்த தாய்ப்பாலை மற்றவர் கொடுக்கலாம். எடுத்த பால் 25 டிகிரிக்கு மிகாத அறையில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள் தாங்கும். முதல் வாரங்களில் இந்த இடைவெளியை இன்னும் நீட்டினால் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், சுரப்பும் குறையும். யாருமே இல்லாதவரிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: சோபாவில் உட்கார்ந்து பால் கொடுத்தபடியே அசந்துவிடக் கூடாது, குழந்தைக்கு மூச்சு முட்டும்.

"டென்ஷனில் பால் வற்றிவிட்டது" என்றும் நிறையப் பேர் அழுவார்கள். பெரும்பாலும் வற்றியிருக்காது. பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின், பாலை இறக்கும் ஆக்ஸிடோசினைத் தடுப்பதால் இறங்கத் தாமதமாகும். கொடுப்பதற்கு முன் குழந்தையை வெறும் மார்பில் போட்டுக்கொண்டு, 4 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி விடச் சொல்லுங்கள், 5 நிமிடம் போதும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் 6 முறையாவது சிறுநீர் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது. அம்மாவுக்கே கோவிட் என்றாலும் மாஸ்க் போட்டு, கை கழுவிவிட்டுப் பால் கொடுக்கலாம்.

மருதம்:
எப்போது அழுத்திச் சொல்வது என்ற கேள்விக்கு வருகிறேன்.

பிரசவமான 2, 3 நாளில் தொடங்கும் அழுகையும் எரிச்சலும் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அதற்கு மேல் நீடித்தால், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருக்கலாமா என்று பார்க்கும் எடின்பரோ கேள்வித்தாளைப் பயன்படுத்துங்கள். கடந்த 7 நாளைப் பற்றி 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரிடம் அனுப்புவது வழக்கம், 10 வந்தாலே அனுப்புகிறவர்களும் உண்டு. இது நோயை உறுதிசெய்வதில்லை, யாரைக் கவனிக்க வேண்டும் என்று மட்டும் காட்டும். 10-வது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும் மொத்தத்தைப் பார்க்காதீர்கள், அன்றே உதவி வேண்டும். நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று தயங்க வேண்டாம், அப்படி ஆகாது.

தொற்றுக் காலத்தில் இந்தத் தாள் ஒரு இடத்தில் ஏமாற்றும். 4, 5-வது கேள்விகள் "தகுந்த காரணமில்லாமல்" கவலையோ பயமோ வந்ததா என்று கேட்கின்றன. "காரணம்தான் இருக்கிறதே" என்று பூஜ்யம் போட்டுவிடுவார்கள், மதிப்பெண் குறைந்துவிடும். ஆகவே தனியாகக் கேளுங்கள்: குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லையா? ஒரே பொருளைத் திரும்பத் திரும்பக் கழுவி, கையே வெடித்துப் போகிறதா?

"குழந்தை கை நழுவி விழுந்துடுமோ" என்ற எண்ணம் வந்து தானே பதறுவது மிகச் சாதாரணம். தூங்காமலே களைப்பில்லாமல் இருப்பது, குரல் கேட்பது, குழப்பமான பேச்சு, யாரோ குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்ற நம்பிக்கை இவை வேறு வகை. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டில் வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில். தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் அந்த மணி நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஏற்கெனவே மனநல மாத்திரை எடுப்பவர்கள் பயந்துபோய் நிறுத்திவிடுவதும் நடக்கும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் மனச்சோர்வு போலவே தெரியும், பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

தென்றல்:
வீட்டில் எல்லோரும் சுற்றி இருக்கும்போது 10-வது கேள்வியை எப்படிக் கேட்பது?

மருதம்:
அழைத்ததும் "இப்போ தனியா பேச முடியுமா? ஆமா, இல்லைன்னு சொன்னா போதும்" என்று தொடங்குங்கள். முடியாது என்றால், அவர் தனியாக இருக்கும் நேரத்தைக் கேட்டு மறுபடி அழையுங்கள். அதற்குள் ஆபத்து என்று தோன்றினால், கேள்விகளை ஆமா, இல்லை என்று பதில் வரும்படி மாற்றிக் கேளுங்கள். மெசேஜில் மட்டும் இதைக் கேட்காதீர்கள், போன் யார் கையில் இருக்கிறதென்று நமக்குத் தெரியாது.