ஆர்எக்ஸ்-7க்கு எந்த டர்போ?
நண்பர்களே, 1993 மாஸ்டா ஆர்எக்ஸ்-7 வைத்திருக்கிறேன். 13பி-ஆர்இடபிள்யூ எஞ்சின், பிஸ்டனுக்குப் பதில் சுழலும் இரண்டு ரோட்டர், 1308 சிசி. இதன் இரண்டு டர்போக்களையும் அடுத்தடுத்து இயக்க உதவும் வேக்குவம் குழாய்கள் முப்பது வருஷச் சூட்டில் விறைத்து, தொட்டாலே உடைகின்றன. இரண்டாவது டர்போ சேரும் 4500 ஆர்பிஎம் பக்கம் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) சட்டென்று விழுகிறது. அதனால் ஒற்றை டர்போவுக்கு மாறப் போகிறேன்.

போர்க்வார்னர் இஎஃப்ஆர் வரிசையில் சிறிய டர்போவான 7670ஆ, பெரிய 8374ஆ? எனக்கு 350 குதிரைத்திறன் போதும். மலைப்பாதை வளைவிலிருந்து வெளியே வரும்போது உடனே இழுக்க வேண்டும், அதுதான் முக்கியம். ஆனால் ரோட்டரியின் புகை பிஸ்டன் எஞ்சினைவிடச் சூடு. டர்பைன் ஹவுசிங் (புகை சுழற்றும் சக்கரத்தின் கூடு) சிறிதானால் புகை வெளியேற முடியாமல் திணறும். நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது) வந்தால், ரோட்டர் முனையில் இருக்கும் அபெக்ஸ் சீல் காலி.

அப்புறம், பூஸ்ட் எல்லை மீறாமல் மிகுதிப் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் வால்வு, டர்போவுக்கு உள்ளேயே இருப்பது போதுமா, தனியாகப் போட வேண்டுமா? இரண்டில் ஒன்றை ஓட்டியவர்கள், முழு பூஸ்ட் எத்தனை ஆர்பிஎம்மில் வருகிறது என்று சொல்லுங்கள்.