வேலியோரத்துச் சிரிப்பொலி

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டு வேலிப்புதரில், விடியற்காலையில் யாரோ கூட்டமாகச் சிரிப்பதுபோல் ஒலி எழுகிறது. வெண்புருவமும் செம்பழுப்பு மார்பும் கொண்ட அப்பறவைகள் எவை?

பதில் 1: ஐயா, அவை நீலகிரிச் சிரிப்பான்கள். நீலகிரியையும் அதை ஒட்டிய மலைகளையும் தவிர உலகில் வேறெங்கும் இவை வாழ்வதில்லை. தவிட்டுப் பழம் பழுக்கும் காலத்தில் புதரருகே அசையாமல் அமர்ந்திருந்தால், அவை பழத்தைக் கொத்தித் தின்பதையும், உதிர்ந்த இலைகளை அலகால் புரட்டிப் பூச்சி தேடுவதையும் மிக அருகிலேயே காணலாம். கைப்பேசியை உயர்த்தினால் போயிற்று.

பதில் 2: கொடைக்கானலில் நாங்கள் கேட்பது பழனிச் சிரிப்பானின் குரல், அதன் மார்பு சாம்பல் நிறமானது. கூடு புதருக்குள்தான் இருக்கும் என்பதால், வேலியை இப்போது வெட்ட வேண்டாம்.

கேட்டவர்: நல்லவேளை சொன்னீர்கள். வேலி வெட்ட நாளை வருவதாக இருந்தவரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.