கொகுபத்தில் வைத்த கறிமிளகாய்க்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை தண்ணீர்? (தலவாக்கலைப் பக்கம், மழைக்காலம்)

பனிமூட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். லயத்து வாசலில் 8 வாளியில் கறிமிளகாய், இரண்டு ரீகிபோம் (தெர்மாகோல்) பெட்டியில் சலாது வைத்திருக்கிறேன். எல்லாமே தென்னந்தும்புத் தூள், அதாவது கடையில் கொகுபத் என்று கட்டியாகத் தருகிறார்களே, அது. மண் கலக்கவில்லை. வீடியோவில் காலையும் மாலையும் தண்ணீர் விடச் சொன்னார்கள், அப்படியே செய்தேன். மேலே தூள் வெளிறிப்போனால் பயந்துகொண்டு நடுவிலும் ஒரு கோப்பை ஊற்றுவேன்.

நட்டு 6 வாரம் ஆகிறது. கீழ் இலை எல்லாம் மஞ்சள். வளர்த்தியும் இல்லை. இரண்டு செடி மதியத்தில் துவண்டு நிற்கிறது, தண்ணீர் ஊற்றினாலும் நிமிரவில்லை. வாளியைத் தட்டினால் பொடிக் கறுப்பு ஈ கிளம்புகிறது. ஜூலை பிறந்ததிலிருந்து வெயிலை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை, ஒரே பனியும் தூறலும். வாசலுக்குத் தகரக் கூரை இருப்பதால் மழை நேராக விழாது.

குழப்பம் என்னவென்றால், பண்டாரவளையில் இருக்கும் சித்தி அதே கட்டியை வாங்கி அதே கறிமிளகாய்தான் வைத்திருக்கிறார். ஒரு நாள் தண்ணீர் விடாவிட்டால் செடி படுத்துவிடும் என்கிறார். அவருடைய செடி காய்த்துக் குலுங்குகிறது. நான் இன்னும் கூட்டி ஊற்ற வேண்டுமா?

ஹட்டன் மொட்டைமாடி:
கூட்டவா? ஐயோ, வேண்டாம். எனக்கும் இதே கதைதான் நடந்தது. மூன்று நாளைக்கு ஒரு தடவை போதும். அப்புறம் வாளிக்கு அடியில் இரண்டு அங்குலத்துக்குச் சல்லிக்கல் போடுங்கள், தண்ணீர் தேங்காது.

பழைய நர்சரிக்காரர்:
மகள், நாள் கணக்குப் பேசும் முன் நாலு விஷயம் சொல்லுங்கள். வாளி எத்தனை லீட்டர், அடியில் எத்தனை ஓட்டை? இதுவரை என்ன உரம் போட்டீர்கள்? துவண்ட செடியின் வாளியைத் தூக்கினால் கனக்கிறதா, லேசாக இருக்கிறதா? கடைசியாக, ஓரமாக விரலை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி தூளை எடுத்துப் பிழிந்து பாருங்கள்.

பனிமூட்டம்:
10 லீட்டர் பெயிண்ட் வாளி ஐயா. ஆணியைச் சுட வைத்து மூன்று ஓட்டை போட்டேன். உரம் எதுவும் போடவில்லை, தும்பே உரம்தானே என்று இருந்துவிட்டேன். துவண்ட செடியின் வாளிதான் இருப்பதிலேயே கனம். பிழிந்ததும் விரல் இடுக்கில் தண்ணீர் வழிந்தது. கொஞ்சம் சேற்று வாடையும் வருகிறது.

பழைய நர்சரிக்காரர்:
கனமான வாளியில் செடி துவண்டால் அது தாகம் இல்லை. வேருக்குக் காற்று கிடைக்கவில்லை. மூச்சு முட்டிய வேர் தண்ணீரை இழுக்காது, அதனால் தண்ணீரில் நின்றுகொண்டே வாடும். பார்ப்பதற்குத் தாகத்தில் வாடியது போலவே இருப்பதால் நாமும் இன்னொரு கோப்பை ஊற்றுவோம். நிறையச் செடி இப்படித்தான் செத்துப்போகிறது.

தும்புத்தூள் தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மேலே ஒரு விரல் கனம் மட்டும் சீக்கிரம் காய்ந்து வெளிறும். மண்ணில் மேற்பரப்பைப் பார்த்துப் பழகின கண்ணை இதில் நம்ப முடியாது. மேலே காய்ந்த பிஸ்கட் மாதிரி இருக்கும், நாலு அங்குலம் கீழே சொட்டச் சொட்ட ஈரம். அந்த ஈ வருவதும் ஈரம் காயாமல் கிடப்பதால்தான். அதன் புழு மேல் ஈரத்தில் இருக்கும். மேல் இரண்டு அங்குலம் நன்றாகக் காய விட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

சித்தி சொல்வதும் பொய் இல்லை. தலவாக்கலை, பண்டாரவளை இரண்டும் ஏறக்குறைய 1200 மீட்டர் உயரம்தான், ஆனால் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையை எல்லாம் உங்கள் பக்கம் கொட்டிவிட்டு, வெறுங்காற்றாக மலை தாண்டி ஊவாவுக்கு, அதாவது சித்தியின் பக்கம், போகிறது. உங்களுக்குப் பனி, அவருக்கு வெயிலும் காற்றும். செடி இலை வழியாகத்தான் தண்ணீரை விடுகிறது. பனி மூடின நாளில் இலை ஏறக்குறைய எதையும் விடாது. டிசம்பர், ஜனவரியில் அவருக்கு மழை, உங்களுக்குக் காய்ச்சல் வெயில். அப்போது நீங்கள் அவரை விட அதிகம் ஊற்ற வேண்டியிருக்கும்.

ஆகவே இத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று நான் சொல்ல மாட்டேன். வாளியைத் தூக்கிப் பாருங்கள். நன்றாக ஊற்றி, அடியில் வடிந்து முடிந்த பிறகு ஒரு தடவை தூக்கி அந்தக் கனத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு தினம் காலையில் தூக்கிப் பார்க்கலாம். நன்றாகவே லேசானதும் ஊற்றுங்கள். ஊற்றும்போது கோப்பைக் கணக்கு வேண்டாம், அடி ஓட்டை வழியாகக் கொஞ்சம் வடியும் வரை முழுதாக ஊற்ற வேண்டும். 1 லீட்டர் ஊற்றினால் ஒரு தேநீர்க் கோப்பை அளவு வெளியே வரட்டும். தூளில் தேங்கும் உப்பும் அதோடு போய்விடும்.

மஞ்சளுக்கு இன்னொரு காரணம் பட்டினி. தும்பில் செடிக்குச் சாப்பாடு இல்லை, அது வெறும் மெத்தை. வேர் தேறியதும் அல்பர்ட் கலவை என்ற கரையும் உரத்தைப் பைக்கட்டில் போட்டிருக்கும் அளவில் பாதியாகக் கரைத்து, தண்ணீர் ஊற்றும் ஒவ்வொரு முறையும் அதையே ஊற்றுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் குறையும், அதோடு உரமும் குறைந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

ஹட்டன் தம்பி கோபிக்கக் கூடாது, சல்லிக்கல் விஷயம் தவறு. பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள், சொட்டு நிற்கும். அதையே நிமிர்த்திப் பிடித்தால் மறுபடி சொட்டும். தூளும் அப்படித்தான். அடியில் எப்போதும் ஒரு ஈரப்படை நிற்கும். கல் போட்டால் அந்தப் படை கல்லுக்கு மேலே ஏறி உட்காரும், அவ்வளவுதான். வேருக்கு இடம்தான் குறையும். கல்லை விட்டு ஓட்டையைக் கூட்டுங்கள், மூன்று போதாது, குறைந்தது பத்து வேண்டும். வாளியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். ரீகிபோம் பெட்டி உயரம் குறைவு, அதனால் வாளியை விட இன்னும் ஈரமாகவே இருக்கும். சலாதுக்கு அது பரவாயில்லை.

ஹட்டன் மொட்டைமாடி:
கோபம் எல்லாம் இல்லை ஐயா, ஸ்பொஞ்சை இப்போதுதான் பிடித்துப் பார்த்தேன். மனைவி சிரிக்கிறாள். நாலு வருடமாகக் கல் சுமந்திருக்கிறேன்.

கூடாரத்துப் பையன்:
நான் நுவரெலியாவில் ஒரு பொலித்தீன் கூடாரத்தில் வேலை செய்கிறேன். அதே தும்புப் பையில்தான் குடைமிளகாய். நல்ல வெயில் நாளில் ஐந்தாறு தடவை சொட்டு நீர் விடுகிறோம். கொகுபத்தில் அதிகம் ஊற்றினால் அழுகும் என்றால் எங்களுடையது ஏன் அழுகவில்லை?

பழைய நர்சரிக்காரர்:
நல்ல கேள்வி தம்பி. உங்களுடையது ஆளுயரச் செடி, சின்னப் பை, கூடாரத்துக்குள் சூடு. பை முழுக்க வேர். விடுகிற தண்ணீரை மத்தியானத்துக்குள் குடித்து முடித்துவிடும். இந்த மகளுடையது சாண் உயரக் கன்று, 10 லீட்டர் வாளி. குடிக்க ஆள் இல்லாத வீட்டில் அண்டா நிறையத் தண்ணீர். இன்னொன்று, முகில் மூடின நாளில் உங்கள் கூடாரத்திலும் தடவையைக் குறைப்பார்களே, கவனித்திருப்பீர்கள்.

கூடாரத்துப் பையன்:
ஆமாம், மேற்பார்வையாளர் காலையில் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் டைமரைத் திருப்புவார்.

பண்டாரவளைக் காற்று:
இந்தப் பக்கத்து அனுபவத்தையும் சொல்கிறேன். இப்போது இங்கே அடிக்கிற காற்றில் காய்த்த செடிக்குத் தினமும் வேண்டும், சில நாள் இரண்டு தடவை. கறுப்புப் பொலித்தீன் பை என்றால் இன்னும் மோசம், பை சுட்டுவிடும். வாளியை நெருக்கி அடுக்கி, மேலே காய்ந்த புல் போட்டேன், ஒரு நாள் தாக்குப்பிடிக்கிறது. ஒரு தடவை ஊருக்குப் போய் வந்தபோது தூள் முழுக்கக் காய்ந்து ஓரம் விட்டுவிட்டது. ஊற்றின தண்ணீர் எல்லாம் ஓரமாகவே ஓடி வெளியே போனது. வாளியோடு பேசினில் அரை மணி நேரம் வைத்தேன், கீழிருந்து உறிஞ்சிக்கொண்டது.

தங்கச்சி, கட்டியை ஊற வைத்ததும் அலசினீர்களா? சில கட்டியில் உப்பு இருக்கும். நான் மூன்று தண்ணீரில் அலசித்தான் போடுவேன். பிறகு கல்சியம் குறையாமல் இருக்க வாளிக்கு ஒரு தேக்கரண்டி டொலமைட். தோட்டத்தில் தேயிலைக்குப் போடுகிறார்களே, அதேதான்.

பனிமூட்டம்:
ஒரே தண்ணீரில்தான் அலசினேன் அக்கா. அடுத்த கட்டிக்கு நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

பனிமூட்டம் (12 நாளுக்குப் பிறகு):
எல்லாருக்கும் நன்றி. ஓட்டை கூட்டி, செங்கல் மேல் ஏற்றி, ஊற்றுவதை நிறுத்தினேன். நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது, கை பரபரக்கிறது.

தூக்கிப் பார்க்கும் வேலையை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். முப்பது வருடம் கொழுந்து எடுத்த கை. சாக்கைத் தூக்கினாலே எத்தனை கிலோ என்று தராசுக்கு முன்னால் சொல்லிவிடுவார். தராசுக்காரர் குறைத்துப் போட்டால் விட மாட்டார். முதல் நாள் ஒரு வாளியைத் தூக்கி "ஆறரை" என்றார். நான் நம்பாமல் தொங்கு தராசில் மாட்டினேன், 6 கிலோ 400. ஆறு நாள் கழித்து 5 கிலோ 700. ஆறு நாளைக்கு 700 கிராம்தான் குறைந்திருக்கிறது ஐயா! நான் தினம் அதற்கு மேல் ஊற்றியிருக்கிறேன். சித்தியிடமும் நிறுக்கச் சொன்னேன். அவருடைய காய்த்த செடி ஒரே நாளில் 700.

நேற்று 5 கிலோவுக்கு வந்தது, பாதி அளவு அல்பர்ட் கரைத்து வடியும் வரை ஊற்றினேன். ஈ குறைந்துவிட்டது. ஆறு செடியில் புதுத் துளிர் பச்சையாக வருகிறது. துவண்ட இரண்டில் ஒன்று போய்விட்டது, பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பு, இழுத்தால் தோல் கழன்று வருகிறது. மற்றது அப்படியே நிற்கிறது, பிழைக்குமா தெரியவில்லை. பழைய மஞ்சள் இலை திரும்பப் பச்சையாகுமா?

பழைய நர்சரிக்காரர்:
ஆகாது, உதிரட்டும். புதுத் துளிரை மட்டும் பாருங்கள். செத்த செடியின் தூளை மறுபடி வாளிக்குப் போட வேண்டாம், வேலி ஓரம் செம்பருத்திக்குக் கொட்டுங்கள். நிற்கிற செடிக்கு இன்னும் ஒரு கிழமை தண்ணீர் வேண்டாம், உரமும் வேண்டாம். அம்மா தூக்கிப் பார்த்து என்ன சொல்கிறார்?

பனிமூட்டம்:
"இன்னும் கனக்குது, கை வைக்காதே" என்கிறார்.