லோபெஸ் என்ற குடும்பப் பெயரும் எங்கள் கூடத்து ஓநாய்களும்

கயல்:
என் கணவர் ஸ்பானியர், குடும்பப் பெயர் லோபெஸ். பூர்வீகம் புர்கோஸ் பக்கம் ஒரு கிராமம். மாமனார் போன மாதம் ஏதோ சுற்றுலாக் கடையில் ‘லோபெஸ் வம்சச் சின்னம்’ என்று ஒரு பலகை வாங்கி வந்து கூடத்தில் மாட்டிவிட்டார். இரண்டு கறுப்பு ஓநாய்கள், வாயில் ஆட்டுக்குட்டி. வட ஸ்பெயினின் பிஸ்காயாவை ஆண்ட ஆரோ பிரபுக்களின் வாரிசாம் நாங்கள்! ஆனால் கிராமத்துக் கோயிலின் 1640-களின் திருமணப் பதிவேட்டில் கூடப்பிறந்த மூவரில் ஒருவர்தான் லோபெஸ். தங்கைக்கு வேறு பெயர், தம்பிக்கு இன்னொன்று. எழுதியவர் தவறா?

பழந்தாள்:
ஓநாய் வரைக்கும் சரிதான். லோபே என்ற ஆள்பெயர், ஓநாயைக் குறிக்கும் லூபுஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கடைசியில் வரும் ‘எஸ்’ இன்னாரின் பிள்ளை என்பதைக் காட்டும். ரோட்ரீகோவின் மகன் ரோட்ரீகெஸ், லோபேயின் மகன் லோபெஸ். லோபே என்று ஒருவன் எந்த ஊரில் இருந்தாலும் அவன் பிள்ளை லோபெஸ்தான், ஆடு மேய்த்தவனாக இருந்தாலும்.

அந்த ஆரோ வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1212-இல் லாஸ் நவாஸ் தே தொலோசா போரில் நின்றவர் டியேகோ லோபெஸ். அவர் மகன் லோபெஸ் இல்லை, லோபே டியாஸ், அதாவது டியேகோவின் மகன் லோபே. பேரன் மறுபடியும் டியேகோ லோபெஸ். 1300-இல் பில்பாவோ நகருக்குச் சாசனம் தந்தவரும் அந்த வீட்டு டியேகோ லோபெஸ் ஒருவர்தான். ‘லோபெஸ்’ தலைமுறைக்குத் தலைமுறை வந்து போனது; நிலைத்து நின்றது ‘ஆரோ’ என்ற ஊர்ப்பெயர். ஓநாய்ச் சின்னம் அந்த வீட்டுக்குச் சொந்தம், உலகத்தில் உள்ள எல்லா லோபெஸுக்கும் இல்லை. கடைக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்?

சேவியா வாசி:
கூடப்பிறந்தவர்கள் விஷயத்தில் எழுதியவர் மேல் தப்பில்லை, கயல். அந்தக் காலத்தில் அப்பா பெயர், அம்மா பெயர், சொத்து விட்டுப்போன பாட்டி பெயர் என்று விருப்பம்போல எடுத்துக்கொண்டார்கள். ஓவியர் வெலாஸ்கெஸின் அப்பா ஹுவான் ரோட்ரீகெஸ் தே சில்வா. வெலாஸ்கெஸ் என்பது அம்மா வழிப் பெயர்.

பழந்தாள்:
நல்ல உதாரணம். அப்பா பெயர் முதலில், அம்மா பெயர் அடுத்து என்று சட்டத்தில் இறுகியதெல்லாம் 19-ஆம் நூற்றாண்டில்தான். 1870-இல் பிறப்பு, திருமணம், இறப்பை அரசே பதியும் குடிமைப் பதிவுச் சட்டம், 1871-இல் அதன்படி பதிவேடு. (இப்போது எது முதலில் என்பதைப் பெற்றோரே முடிவு செய்யலாம்.) அந்தப் பதிவேட்டிலிருந்து பின்னோக்கிப் போங்கள். பிறப்புப் பதிவில் இரு பக்கத்துத் தாத்தா பாட்டிகளும் இருப்பார்கள். 1871-க்கு முன்னால் கோயில் ஏடுகள். பெயரைத் துரத்தாமல் பெற்றோரைத் துரத்துங்கள். இல்லாவிட்டால் அந்தத் தங்கையும் தம்பியும் உங்கள் மரத்திலிருந்து உதிர்ந்துவிடுவார்கள்.

கயல்:
நன்றி. சாப்பாட்டு மேஜையில் மாமனாரிடம் மெல்லச் சொன்னேன். “ஆரோ இல்லையென்றால் போகட்டும், பலகைக்குக் காசு கொடுத்தாகிவிட்டது” என்றார். ஓநாய்கள் கூடத்திலேயே இருக்கின்றன. பதிவேட்டில் அந்தத் தங்கையின் பெயர் அவர்களுடைய அம்மாவின் பெயரேதான், இன்று காலை பார்த்தேன். தம்பியின் பெயர் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.