வேப்பில் பஞ்சு வைப்பதில் எங்கே தவறுகிறேன்? கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம். லண்டனில் இருக்கிறேன். பதினைந்து வருடம் பிடித்த சிகரெட்டை விட்டு வேப்புக்கு, அதாவது மின்சிகரெட்டுக்கு, வந்தவன். 2025 ஜூனில் இங்கே ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்புகளுக்குத் தடை வந்த பிறகு, நாமே காயில் (சூடேறும் கம்பிச்சுருள்) சுற்றி, திரவத்தை உறிஞ்சப் பஞ்சு வைக்கும் ஆர்டிஏ (RTA) டேங்க் ஒன்று வாங்கினேன்.

காயில் சரியாகத்தான் வருகிறது. 26 கேஜ் தடிமனில் காந்தல் என்ற சூடேறும் கம்பி, உள்விட்டம் 3 மி.மீ., 6 சுற்று, மின்தடை 0.84 ஓம். பஞ்சு வைக்காமல் சூடேற்றிப் பார்த்தால் நடுவிலிருந்து ஓரம்வரை சீராகச் சிவக்கிறது.

சிக்கல் பஞ்சில்தான். முதலில் கொஞ்சமாக வைத்தேன். பத்து நிமிடத்தில் காற்றுத் துளை வழியாக ஒழுகிச் சட்டைப்பை நனைந்துவிட்டது. சரி என்று அடுத்த முறை இறுக்கி அடைத்தேன். நாலாவது இழுப்பிலேயே கருகல் வாடை, தொண்டை எரிந்தது. 20 வாட்டைத் தாண்டவே இல்லை. திரவம் 70 விழுக்காடு விஜி (தாவர கிளிசரின்), அதாவது கெட்டியானது, மெதுவாகத்தான் ஊறும்.

முனைகளை எவ்வளவு நீளம் விட்டு வெட்டுகிறீர்கள்? அவை அடித்தளத்தைத் தொட வேண்டுமா, திரவம் வரும் வழியை மூடினால் போதுமா? நுனியை மட்டும் வாரி மெலிதாக்கினால் ஒழுகாதா?

அப்புறம், நேற்றிலிருந்து ஓம் 0.84, 1.1 என்று மாறி மாறிக் காட்டுகிறது. திருகை இறுக்கியும் அப்படியே. கம்பியின் கால் நசுங்கியிருக்குமோ?

மறுபடி சிகரெட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை. நீங்கள் பஞ்சு வைத்த படம் இருந்தால் தயவுசெய்து போடுங்கள்.