மழையில் தரையிறங்கிய விமானம்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

ஜன்னலோர இருக்கை:
முதல் முறை தரையைத் தொடும் உயரத்துக்கு வந்து, திடீரென மறுபடி மேலே ஏறியது. விமானிக்குத் தடுமாற்றம் என்று அப்போதே நினைத்தேன். இரண்டாம் முறை சக்கரம் பதிந்தது, வேகம் மட்டும் குறையவில்லை. ஓடுபாதை ஓரத்து விளக்குகள் வரிசையாகப் பின்னால் ஓடின. பிறகு விளக்கே இல்லை. சேறு வந்து ஜன்னலில் அப்பியது.

உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. "எதையும் எடுக்காதீர்கள்" என்று பணிப்பெண் தொண்டை கிழியக் கத்துகிறார். எனக்கு முன்னால் ஒருவர் மேலிருந்து பெட்டியை இழுக்கிறார். பிடி சிக்கிக்கொண்டது. பின்னால் நாங்கள் அத்தனை பேரும் நிற்கிறோம். பெட்டியின் சக்கரம் என் நெற்றியில் இடித்தது. எல்லோரும் பிழைத்துவிட்டோம், ஆனாலும் அந்தச் சில நொடிகளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடிக்கடி பறப்பவன்:
மேலே ஏறியதைத் தடுமாற்றம் என்காதீர்கள், நண்பரே. ஓடுபாதை சரியாகத் தெரியாதபோது விமானி எடுக்கக்கூடிய மிக நல்ல முடிவு அதுதான். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டிலும் முதல் முயற்சியைக் கைவிட்டு மேலேறினார்கள். மறுமுனையிலிருந்து, பின்காற்றோடு இறங்கியபோதுதான் ஏறத்தாழ பாதி ஓடுபாதை கடந்த பிறகு சக்கரம் தொட்டது. அது குன்றின் மேல் சமன்செய்து அமைத்த டேபிள்டாப் ஓடுபாதை, முடிவில் பள்ளம். விமானம் அதில் விழுந்தது. 21 உயிர்கள் போயின. அந்த இரண்டாவது முறையும் மேலே ஏறியிருக்கக் கூடாதா என்று இன்றும் மனம் கேட்கிறது.

என் விமானம் மூன்று முறை மேலேறி வேறு ஊரில் இறங்கியது. பயணிகள் பணிப்பெண்ணைத் திட்டித் தீர்த்தார்கள். நானும்தான்.

சறுக்கில் இறங்கியவள்:
எனக்கும் ஒரு முறை இப்படித்தான். அவசர வழியில் விரியும் ரப்பர் சறுக்கு நனைந்திருந்தது, அதில் இறங்கியபோது முழங்கை தோலுரிந்தது, அவ்வளவே. ஆனால் தயவுசெய்து கேளுங்கள். அமர்ந்ததும் அவசர வழிக்கு எத்தனை வரிசை என்று விரலால் தொட்டு எண்ணுங்கள். புகை வந்தால் கண் உதவாது. இறங்கும்போது காலணியைக் கழற்றாதீர்கள். குதிகால் உயர்ந்த செருப்பு மட்டும் சறுக்கைக் கிழிக்கும், அதைக் கழற்றிவிடுங்கள். பெட்டியை மறந்துவிடுங்கள். 2005இல் டொராண்டோவில் புயல் மழையில் ஓடுபாதையைத் தாண்டிய விமானம் எரிந்தே போனது. 309 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அங்கேயும் பலர் பெட்டியைத் தூக்கினார்கள். தீ இன்னும் சற்று வேகமாகப் பரவியிருந்தால்?

ஜன்னலோர இருக்கை:
தடுமாற்றம் என்றது தவறுதான், ஏற்கிறேன். அந்த மனிதரை வெளியே பார்த்தேன். பெட்டியைத் திறக்கவில்லை. கொட்டும் மழையில் அதை மார்போடு அணைத்தபடி நின்றார். கை நடுங்கிக்கொண்டே இருந்தது.