மாலை வகுப்புக்கு வரும் மாணவிக்கு எப்படித் துணை நிற்பது?

கேள்வி:
வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தோட்டப்புற நகரொன்றின் கோயில் மண்டபத்தில் மாலை வகுப்பு நடத்துகிறேன். பாலியல் கொடுமைக்கு ஆளாகி, போலீஸ் புகாருக்குப் பின் பாட்டி வீட்டில் தங்கியிருக்கும் இடைநிலைப் பள்ளி இரண்டாம் படிவ மாணவி ஒருத்தி மூன்று வாரமாக வருகிறாள். கதவோரம்தான் உட்காருவாள், கணக்குப் புத்தகம் திறந்திருக்கும், பென்சில் நகராது. நடந்ததைப் பற்றி நான் பேச்செடுக்கலாமா?

மறுமொழி 1:
வேண்டாம், ஐயா. வழக்கு நடக்கும்போது நாம் கேட்கும் கேள்விகள் அவளது சாட்சியத்தைக் குழப்பக்கூடும். அவளாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றங்கள் சட்டப்படி, தெரிந்த குற்றத்தைத் தெரிவிக்காதிருப்பதே குற்றம். புதிதாக எதுவும் தெரியவந்தால் போலீசிடம் சொல்லுங்கள். ஆலோசனைக்கு அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே (Talian Kasih) 15999 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. தோட்டத்தின் பெயரை இங்கே எழுதாதது நல்லது. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) செய்தி பரவ ஒரு தேநீர் நேரம் போதும்.

மறுமொழி 2:
கதவோர இடம் அவளுடையதாகவே இருக்கட்டும். தனியறையில் பாடம் நடத்தாதீர்கள். எல்லாரும் பார்க்கும் இடத்தில், கூட ஒரு பெண் ஆசிரியரை வைத்துக்கொண்டு, வாரந்தோறும் அதே நாளில், அதே நேரத்தில் நடத்துங்கள். ஒருநாள் வர முடியாதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏனெனில் சொல்லாமல் காணாமல் போகும் பெரியவர்களை அவள் ஏற்கெனவே பார்த்திருப்பாள். ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்பிஎம் பொதுத் தேர்வுக்கு இன்னும் மூன்றாண்டு இருக்கிறது, கணக்கு காத்திருக்கும். எங்கள் வகுப்பில் அப்படி வந்த பிள்ளை முதலில் கேட்டது சிறிய பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் வேலையைத்தான்.

கேட்டவர்:
நன்றி. நாளை அவளது நாற்காலியை நகர்த்தலாம் என்றிருந்தேன், விட்டுவிடுகிறேன்.